கழுவிய காளானும் ஏகார் கிண்ணமும்

எங்கள் வீட்டுப் பின்வளவில் உம்மாவின் காளான் கொட்டில் இருக்கிறது. தென்னோலை வேய்ந்து, சுற்றிவரக் கறுப்பு நிழல்வலை கட்டிய, 150 பைகள் வைக்கக்கூடிய சின்னக் கொட்டில். இறப்பர் மரத்தூளுடன் தவிடும் சுண்ணாம்பும் கலந்து பைகளில் நிரப்பி, பீப்பாயில் ஆவியில் அவித்து, ஆறியபின் வித்துப் போடுவது உம்மாவும் வாப்பாவும் சேர்ந்து செய்யும் வேலை. மாவனல்லைப் பக்கம் மரத்தூளுக்குப் பஞ்சமில்லை. நல்ல வித்துக்குத்தான் பஞ்சம். ஒரு தடவை வாங்கும் வித்து பை முழுவதும் மளமளவென்று ஓடும். அடுத்த தடவை அதே இடத்தில் வாங்கியது பாதிப் பைகளில் பச்சைப் பூஞ்சணமாக முடியும். என் டியூஷன் காசு அந்தக் கொட்டிலிலிருந்துதான் வருகிறது. ஆகவே பை பச்சையானால் முதலில் கவலைப்படுவது நான்தான்.

கடந்த மார்ச் மாத வெயில் உங்களுக்கும் நினைவிருக்கும். பைகள் வெள்ளையாகப் படர்ந்து தயாராக இருந்தும் காளான் வரவில்லை. வந்த சில மொட்டுகளும் மஞ்சளாகிக் கருகின. மூலையிலிருந்த ஒரேயொரு பையில் மட்டும் உள்ளங்கை அகலத்தில் சிப்பிக் காளான் கொத்தொன்று ஒன்றும் நடக்காததுபோல் விரிந்திருந்தது. உம்மா அதைப் பறிக்காமல் என்னைக் கூப்பிட்டார்.

"மகள், இந்தச் சூட்டுலயும் இது வந்தீக்கி. இதே மாதிரி இன்னும் செய்ய ஏலுமா? ஒங்கட படிப்புல அப்பிடி ஒண்டும் இல்லையா?"

இருக்கிறது. காளானின் தொப்பிக்குக் கீழேயுள்ள மடிப்புகளிலிருந்து உதிரும் வித்திகள் ஒடுக்கற்பிரிவால் உண்டானவை. ஒரு வீட்டுப் பிள்ளைகளைப் போல அவை தாயைக் கொஞ்சம் ஒத்தும் கொஞ்சம் ஒவ்வாமலும் இருக்கும். அந்தக் காளானே அப்படியே வேண்டுமென்றால் அதன் உடலிலிருந்து ஓர் இழையத்துண்டை எடுத்து வளர்க்க வேண்டும். காளானின் உடல் முழுவதும் பூசண இழைகள் நெருங்கிப் பின்னியதுதான். எனவே உயிருள்ள எந்தத் துண்டும் போசணை கிடைத்தால் மறுபடி இழையாக நீளத் தொடங்கும். இழையுருப்பிரிவால் மட்டும் வளர்வதால் வருவது பிள்ளை அல்ல, அதே காளான். இதைத்தான் காளானைக் குளோன் செய்தல் என்கிறார்கள். செய்முறை கேட்க மிகவும் எளிது: ஏகார் ஊடகம் உள்ள கிண்ணத்தில் துண்டை வை, மூடு, காத்திரு.

பாடசாலை ஆய்வுகூடத்தில் உயிரியல் ஆசிரியையின் அனுமதியோடு ஐந்து பெத்திரிக் கிண்ணங்களில் வைத்தேன். மூன்றாம் நாள் ஐந்திலும் துண்டைச் சுற்றி மஞ்சள் கலந்த வெள்ளையில் வழுவழுப்பாக ஏதோ படிந்திருந்தது, பழைய கஞ்சி சிந்திக் காய்ந்ததைப் போல. ஆசிரியை மூடியைத் திறக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பற்றீரியா. ஐந்துமே போய்விட்டது" என்றார். கொத்தின் மீதியை நாங்கள் ஏற்கெனவே ஆக்கிச் சாப்பிட்டிருந்தோம். இனி அந்தப் பை இரண்டாவது தடவை காய்த்தால்தான் உண்டு. ஒரு பை மூன்று நான்கு தடவைகள் காய்த்தபின் ஓய்ந்துவிடும். அதற்குள் பற்றீரியா எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

முதலில் இந்தப் போட்டி எவ்வளவு சமமற்றது என்று பாருங்கள். நல்ல சூடும் உணவும் கிடைத்தால் சில பற்றீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். கணக்குப் போட்டால் ஒரு கலம் 12 மணித்தியாலத்தில் 36 தடவை இரட்டித்து ஏறத்தாழ 6,870 கோடியாகும். உணவு தீர்ந்துபோவதால் நிஜத்தில் அவ்வளவு வராது, ஆனால் வேகம் விளங்கும். பூசண இழையோ நாளொன்றுக்கு மில்லிமீற்றர் கணக்கில்தான் நகரும். வெட்டுப்பட்ட துண்டு காயம் ஆறி இழை விடத் தொடங்குவதற்கே இரண்டு மூன்று நாள் வேண்டும். ஆகவே கிண்ணத்துக்குள் இரண்டும் சேர்ந்து போனால் வேகத்தில் காளான் வெல்லாது.

ஆனால் பற்றீரியாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. அதற்கு இழை கிடையாது. இடம்விட்டு இடம் போக சவுக்குமுளையால் நீந்த வேண்டும், அல்லது நீரோடு வழிந்து போக வேண்டும். எப்படியானாலும் மெல்லிய நீர்ப்படலமாவது தேவை. பூசண இழை அப்படியல்ல. நுனியால் நீண்டு காற்று இடைவெளியைக்கூடத் தாண்டும், ஏகாருக்குள்ளேயே துளைத்துப் போகும். ஈரத்தில் பற்றீரியாவுக்குக் கை ஓங்கும், உலர்வில் காளானுக்கு. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கீழே நான் சொல்லப்போவதில் பாதி தானாகவே விளங்கும்.

"எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எதைத் தடுப்பீர்கள்?" என்று ஆசிரியை கேட்டார். ஆகவே முதலில் காளான் இல்லாமலே கிண்ணங்களை வைத்தோம். ஊடகம் ஊற்றிய மூன்றைத் திறக்காமலே வைத்தோம். மூன்றைத் துண்டு வைக்க எடுக்கும் நேரமளவு திறந்து மூடினோம். மூன்றில் சுவாலையில் காட்டிய கத்தியால் மட்டும் தொட்டோம். கடைசி மூன்றில் கொட்டிலிலிருந்த வேறொரு காளானின் துண்டுகளை, நான் முதல் தடவை செய்தது போலவே செய்து வைத்தேன். திறக்காத மூன்றும் பளிங்கு போல இருந்தன. திறந்து மூடியவற்றில் ஒன்றில் மட்டும் பச்சைப் பூஞ்சணம் ஒரு புள்ளி. கத்தி தொட்டவை சுத்தம். காளான் வைத்த மூன்றிலும் அதே பழங்கஞ்சி.

பிழை ஊடகத்திலுமில்லை, காற்றிலுமில்லை. காளானில். "முதல் தடவை செய்தது போலவே" என்றேனே, அதில் ஒரு படி இருந்தது: குழாயடியில் காளானை நன்றாகக் கழுவியிருந்தேன்.

எங்கள் வீடுகளில் சுத்தம் என்றால் தண்ணீர். கையானாலும் அரிசியானாலும் மீனானாலும் மூன்று தண்ணீரில் அலசினால்தான் மனம் ஆறும். சமையலுக்கு அது சரி. ஆனால் காளானின் சதை பஞ்சு மாதிரி, இழைகளுக்கிடையில் இடைவெளிகள் உள்ளது. கழுவும்போது தோலின் மேலிருந்த பற்றீரியா நீரோடு அந்த இடைவெளிகளுக்குள் போய்விடுகிறது. குழாய்த் தண்ணீரும் குடிக்கத் தக்கதே தவிர கிருமியற்றதல்ல. காளானின் மேற்பரப்பில் சூடோமோனாசு இனப் பற்றீரியாக்கள் சாதாரணமாகவே வாழ்கின்றன. அவற்றில் தொலாசி என்ற வகைதான் தொப்பியில் நீர் தேங்கி நின்றால் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்குவது. காளான் வளர்ப்பவர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். நான் அவற்றைக் கழுவி அகற்றவில்லை, உள்ளே ஊற்றியிருக்கிறேன்.

கழுவாத உலர்ந்த காளானில் மீண்டும் மூன்று வைத்தேன். ஒன்றில் மட்டும் பற்றீரியா, இரண்டில் வெள்ளைப் பஞ்சாய்ப் பூசணவலை. ஆறு கிண்ணத்தை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனாலும் எனக்குப் போதுமாயிருந்தது. உம்மாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "கழுவாமலா? ஊத்தையோடயா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

இனி காளானைத் தெரிவுசெய்யும் முறைக்கு வருகிறேன். இளம் காளானாக இருக்க வேண்டும். தொப்பியின் ஓரம் இன்னும் உள்நோக்கிச் சுருண்டிருப்பது நல்லது. விரிந்து தட்டையானதில் பற்றீரியாவும் அதிகம், இழையமும் களைத்திருக்கும். பறிப்பதற்கு அரை நாளாவது முன்பிருந்து அந்தப் பைக்குத் தண்ணீர் தெளிக்கக் கூடாது. பறித்ததைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் வியர்த்துவிடும், கடதாசிப் பையில் கொண்டு போக வேண்டும். தொட்டுப் பார்த்தால் தோல் உலர்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது, வெட்டாமல் கிழிப்பது. கத்தியால் வெட்டும்போது அலகு தோலிலுள்ளதை உள்ளுக்கு இழுத்துக்கொண்டே போகிறது. அடிப்பக்கத்தில் நகத்தால் சிறிதாகக் கீறிவிட்டு, இரு கையாலும் நெடுக்காகக் கிழித்தால் கோழி இறைச்சி பிரிவதுபோல் பிரியும். இப்போது தெரிவது எந்தக் கத்தியும் விரலும் தொடாத உட்பக்கம். தண்டும் தொப்பியும் சேருமிடத்தில், தோலிலிருந்து முடிந்த அளவு தள்ளி, சுவாலையில் காட்டி ஆறவைத்த கூர்கத்தியால் அரை நெல்மணி அளவு துண்டை எடுத்துக் கிண்ணத்தின் நடுவில் வைக்க வேண்டும். முதலில் நான் சுண்டுவிரல் நகமளவு துண்டுகள் வைத்தேன். பெரிய துண்டு வேகமாக வளரும் என்று நினைத்தது பிழை. பெரிய துண்டு பெரிய ஈரம், அதில் பற்றீரியா இருக்கும் வாய்ப்பும் பெரிது. ஒரே காளானிலிருந்து எட்டுப் பத்துச் சிறு துண்டுகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைப்பதே புத்தி.

என் பரிசோதனையில் ஊடகம் குற்றமற்றதாக வந்ததற்குக் காரணம் ஆசிரியையின் கண்டிப்பு. வீட்டில் செய்பவர்கள் முதலில் தவறுவது அங்கேதான் என்பதால் அதையும் சொல்ல வேண்டும். ஊடகத்தின் அரைவாசி எங்கள் குசினியிலேயே இருக்கிறது. 100 கிராம் உருளைக்கிழங்கைத் தோல் சீவி வெட்டி அவித்து வடித்த நீர், பார்மசியில் வாங்கும் குளுக்கோசு 10 கிராம், ஏகார் தூள் 10 கிராம், எல்லாம் சேர்ந்து 500 மில்லிலீற்றர் வரும்படி தண்ணீர். ஏகார் வேறொன்றுமில்லை, நோன்பு திறக்க உம்மும்மா செய்யும் கடற்பாசியேதான். கற்பிட்டி, புத்தளம் களப்புப் பக்கம் விளையும் கிரசிலாரியா என்ற கடற்பாசிக்கு முன்பு ஆங்கிலேயர் 'சிலோன் மொஸ்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

கடற்பாசி ஆய்வுகூடத்துக்குள் போன கதையும் ஒரு குசினியிலிருந்துதான் தொடங்குகிறது. 1881 இல் வால்தர் ஹெஸ்ஸே என்ற ஜேர்மன் வைத்தியர் ரொபேட் கோக்கின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். அப்போது பற்றீரியா வளர்க்க ஜெலட்டின் பயன்பட்டது. கோடையில் அது உருகும், சில பற்றீரியாக்கள் அதையே தின்று நீராக்கிவிடும். அவருடைய மனைவி ஃபானி, தான் இனிப்புகளுக்குப் போடும் ஏகாரைப் பாவித்துப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்த அயலவர் ஒருவரிடம் அவர் கற்றுக்கொண்ட சமையல் முறை அது. ஏகார் உருக 85 பாகை அளவில் சூடு வேண்டும், உருகியது 40 பாகைக்குக் கீழே வந்தால்தான் உறையும், ஆகவே வெயிலுக்கு அசையாது. கோக் 1882 இல் காசநோய்க் கிருமி பற்றி எழுதியபோது ஏகாரைக் குறிப்பிட்டார், ஃபானியைக் குறிப்பிடவில்லை. மூடியுள்ள கிண்ணத்தை 1887 இல் அறிமுகப்படுத்திய பெத்திரியின் பெயர் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. ஏகாரோடு ஃபானியின் பெயரைச் சேர்த்துச் சொல்லும் பாடப்புத்தகத்தை நான் இன்னும் காணவில்லை.

சரி, ஊடகத்தைக் கொதிக்க வைத்தால் போதாதா? போதாது. பசிலசு போன்ற பற்றீரியாக்கள் நெருக்கடியில் அகவித்தியாக மாறித் தடித்த உறைக்குள் உறங்கிவிடும். கொதிநீர் அவற்றை எழுப்புமே தவிர கொல்லாது. பேர்டினண்ட் கோன் 1876 இல் உலர்ந்த புல் ஊறிய நீரிலிருந்த பசிலசில் இதைக் கண்டார். இவற்றைக் கொல்ல 121 பாகை செல்சியசு வேண்டும், அதற்கு நீராவி அழுத்தத்தில் இருக்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அழுத்தத்தில் 15 முதல் 20 நிமிடம் என்பது வழமை. நல்ல பிரஷர் குக்கர் ஒன்று இதற்குப் போதும். போத்தலை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாமல், வாயைப் பஞ்சால் அடைத்து அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றி உள்ளே வைக்க வேண்டும். குக்கருக்குள்ளிருக்கும் காற்று முழுவதும் வெளியேறி ஆவி சீராக வந்த பிறகே பாரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிட வேண்டும். காற்றும் ஆவியும் கலந்திருந்தால் அழுத்தம் சரியாகக் காட்டும், சூடு குறைந்திருக்கும்.

குக்கர் இல்லாதவர்களுக்கு ஜோன் டிண்டால் 1877 இல் காட்டிய வழி ஒன்றுண்டு. முதல் நாள் ஆவியில் அவித்து, அறைச் சூட்டில் ஒரு நாள் விட வேண்டும். அகவித்திகள் ஆபத்து நீங்கியது என்று நம்பி முளைக்கும். முளைத்ததை இரண்டாம் நாள் அவிக்க வேண்டும், எஞ்சியதை மூன்றாம் நாள். கொஞ்சம் குரூரமான தந்திரம்தான், ஆனால் வேலை செய்யும். நுவரெலியா போன்ற இடங்களில் தண்ணீர் 94 பாகைக்கு அண்மையிலேயே கொதித்துவிடும் என்பதை அங்குள்ள தோழிகள் கவனத்தில் வைக்கவும்.

ஊற்றும்போது அவசரம் கூடாது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்தத் துளிகள் ஏகாரின் மேல் சொட்டும். ஒரு மூலையிலிருந்த பற்றீரியா அந்த நீரில் ஒரே இரவில் கிண்ணம் முழுக்கப் போய்விடும். போத்தலைக் கையில் பிடிக்கக்கூடிய அளவுக்கு, ஏறத்தாழ 50 பாகைக்கு, ஆறவிட்டு ஊற்ற வேண்டும். ஊற்றிய கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே சுடுநீர்ப் போத்தல் ஒன்றை வைத்தால் வியர்வை குறையும். உறைந்தபின் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். உடனே பாவிக்காமல் இரண்டு மூன்று நாள் வெறுமனே வைத்துப் பாருங்கள். மேற்பரப்பு உலரும், பிழையான கிண்ணம் தன்னைக் காட்டிக்கொள்ளும். அருமையான துண்டை அதில் வீணாக்கத் தேவையில்லை.

காற்றைப் பற்றி நான் பயந்த அளவுக்கு அது பொல்லாததாக இருக்கவில்லை, அசையாத காற்றாக இருந்தால். கிருமிகள் பெரும்பாலும் தூசியிலும் எச்சில் துளியிலும் ஏறித்தான் வருகின்றன. தூசிக்கு மேலிருந்து கீழே விழத்தான் தெரியும், பக்கவாட்டில் கொண்டுபோவது நாம் உண்டாக்கும் காற்றோட்டம். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, உடுப்பு அடுக்கும் பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டியைப் பக்கவாட்டில் கைகள் நுழைய இரண்டு வட்டத் துளைகள் வெட்டிக் கவிழ்த்தால் போதும். உள்ளே 70 வீத மதுசாரத்தால் துடைத்துவிட்டுக் கால் மணித்தியாலம் அப்படியே விட வேண்டும். தூய மதுசாரத்தை விட 70 வீதமே நன்றாக வேலை செய்யும். புரதத்தைத் திரளச் செய்ய அதற்குக் கொஞ்சம் நீரும் வேண்டும். அகவித்திகளை அது கொல்லாது, அதற்குத்தான் கத்தியைச் சுவாலையில் செந்நிறமாகக் காய்ச்சுவது.

இங்கே ஓர் எச்சரிக்கை, பெற்றோரும் வாசிக்கிறார்கள் என்பதால் அழுத்தியே சொல்கிறேன். மதுசாரம் தெளித்த பெட்டிக்குள் மதுசார விளக்கைக் கொண்டு போகவே கூடாது. உள்ளே நிற்கும் ஆவி குப்பென்று பற்றும். எங்கள் ஆசிரியை விளக்கைப் பெட்டிக்கு வெளியே ஓரடி தள்ளி, மதுசாரப் போத்தலை மேசையிலிருந்தே அகற்றிய பிறகுதான் ஏற்ற விட்டார். ஷோலின் தொங்கலைப் பின்னுக்கு முடிச்சுப் போடவும் வைத்தார். கத்தி ஆற ஏகாரின் ஓரத்தில் ஒரு தடவை தொட்டால் போதும். வாயால் ஊதக் கூடாது. சிரிக்க வேண்டாம், நான் ஊதியிருக்கிறேன்.

இரண்டாவது காய்ப்பு ஏப்ரல் நடுவில் வந்தது. வெயிலுக்குப் பிறகு பின்னேரங்களில் இடிமழை பெய்யும் காலம். நான் பறிக்க நினைத்ததற்கு முதல் நாள் ஓலை ஒழுகி அந்தக் கொத்திலேயே சொட்டியிருந்தது. தண்ணீர் தெளிக்காதீர்கள் என்று உம்மாவிடம் சொல்லி வைத்தேன், மழையிடம் சொல்லவில்லை. இன்னொரு நாள் விட்டால் தொப்பி விரிந்துவிடும். வாப்பா பையைத் தூக்கி வந்து விறாந்தையில் காற்றாட வைத்தார். மறுநாள் காலை தோல் ஓரளவு உலர்ந்ததும் எடுத்துப் போனேன்.

எட்டுக் கிண்ணங்கள். நான்கில் பற்றீரியா. ஒன்றில் பூஞ்சணம். ஒன்றில் எதுவுமே வளரவில்லை. ஒன்றில் மட்டும் சுத்தமான வெள்ளைப் பூசணவலை. எட்டாவதில் பாதிப் பாதி: ஒரு பக்கம் வெள்ளை இழை, துண்டின் அடியில் பளபளக்கும் வளையம்.

பார்த்து அடையாளம் காணுவதைப் பற்றி இரண்டு வரி. பற்றீரியா மினுங்கும், ஈரமாக இருக்கும், கரை வழுவழுப்பாக வட்டமாக இருக்கும். வெள்ளை, மஞ்சள், சிலவேளை இளஞ்சிவப்பு. பூசணவலை மங்கலாக, பஞ்சாக, கரையில் நார் நாராக நீளும். மணந்து பார்க்கத் திறக்க வேண்டாம், அது உங்கள் மூக்குக்கும் நல்லதல்ல, பக்கத்துக் கிண்ணத்துக்கும் நல்லதல்ல. மினுங்குவதெல்லாம் பற்றீரியாவும் அல்ல. வயதான பூசணவலை தானே மஞ்சள் துளிகளைச் சுரக்கும். எங்கள் நாட்டில் பலர் வளர்க்கும் அபலோன் காளான் ஏகாரில் கறுப்புத் துளிகளைத் தலையில் ஏந்திய குட்டிக் குச்சிகளை நிறுத்தும். அது அதன் இயல்பு. அதைக் கண்டு பழுதாகிவிட்டது என்று எத்தனை நல்ல கிண்ணங்கள் குப்பைக்குப் போயிருக்குமோ.

ஒரே ஒரு சுத்தமான கிண்ணத்தை நம்பியிருக்க எனக்குப் பயமாக இருந்தது. பாதிப் பாதியையும் மீட்கப் பார்த்தோம். முதல் வழி, இழையின் முன்கரையிலிருந்து, பளபளப்புக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில், மிகச் சிறிய சதுரம் ஒன்றை வெட்டிப் புதுக் கிண்ணத்துக்கு மாற்றுவது. இழை பற்றீரியாவைத் தாண்டி ஓடிய இடம் அது. ஆனால் முதல் மாற்றத்தில் மீண்டும் ஒரு மினுக்கம் தெரிந்தது. இழையின் மேலேயே ஒட்டிக்கொண்டு கொஞ்சம் வந்திருக்கிறது.

இரண்டாவது வழியை நான் மிகவும் விரும்புகிறேன். புதுக் கிண்ணத்தில் ஏகாரின் ஓரத்தைக் கத்தியால் மெல்லத் தூக்கி, துண்டை அதன் அடியில், கிண்ணத்தின் தரைக்கும் ஏகாருக்கும் இடையில் வைத்துவிட வேண்டும். பற்றீரியா அந்த இடுக்கிலேயே சிக்கிக்கொள்ளும், ஏகாரைத் துளைத்து மேலே வர அதனால் இயலாது. பூசண இழை துளைத்துக்கொண்டு வரும். ஐந்தாம் நாள் ஏகாரின் மேற்பரப்பில் நரைமுடி போல நாலைந்து இழைகள் எட்டிப் பார்த்தன. அவற்றின் நுனியை மட்டும் எடுத்து அடுத்த கிண்ணத்துக்கு மாற்றினோம். அதன்பின் மினுக்கம் வரவில்லை.

அன்டிபயோட்டிக் போட்டால் இவ்வளவு கஷ்டம் வேண்டாமே என்று வகுப்புத் தோழி கேட்டாள். ஆய்வுகூடங்களில் ஜென்ரமைசின் போன்றவற்றை ஊடகத்தில் கலப்பதுண்டு. 1928 இல் பிளெமிங்கின் பற்றீரியாக் கிண்ணத்தில் பூஞ்சணம் விழுந்து பெனிசிலின் கிடைத்ததால், இது நியாயமான பழிவாங்கல் போலவும் தோன்றும். எனக்கு அதில் விருப்பமில்லை. மருந்து பல வேளைகளில் பற்றீரியாவை அடக்கி வைக்குமே தவிர முற்றாக ஒழிக்காது. கிண்ணம் சுத்தமாகத் தெரியும், மருந்தில்லாத தானியத்துக்கு மாற்றியதும் மறுபடி கிளம்பும். எஞ்சுவது மருந்துக்குப் பழகிய பற்றீரியாவாகவும் இருக்கக்கூடும். வைத்தியர் எழுதித் தர வேண்டிய மருந்தை வீட்டுக் குசினியில் கரைப்பது எப்படிப் பார்த்தாலும் சரியில்லை.

சுத்தமாகத் தெரிவது உண்மையில் சுத்தமா என்று சோதிக்க ஆசிரியை ஒரு வழி காட்டினார். ஏகார் சேர்க்காத அதே உருளைக்கிழங்கு நீரைக் கிருமியழித்து ஆறவைத்து, அதில் ஒரு சிறு துண்டுப் பூசணவலையைப் போட்டு வைப்பது. ஒளிந்திருக்கும் பற்றீரியா இரண்டு மூன்று நாளில் நீரைக் கலக்கிவிடும். காளான் மட்டும் இருந்தால் நீர் தெளிவாக இருக்க, துண்டு பஞ்சுருண்டையாக வளரும். எங்கள் இரண்டு குழாய்களிலும் நீர் கலங்கவில்லை. பழுதான கிண்ணங்களைத் திறக்காமலே குக்கரில் அவித்துத்தான் எறிந்தோம். அந்தக் குக்கர் ஆய்வுகூடத்துக்கே உரியது, சமையலுக்குத் திரும்பாது.

அந்தப் பை மே மாதத்தோடு ஓய்ந்தது. உம்மா அதைப் பலாமரத்தடியில் கொட்டினார். அதன் காளான் இப்போது நான்கு சிறு குழாய்களில், சாய்த்து உறையவிட்ட ஏகாரின் மேல் இருக்கிறது. இரண்டு ஆய்வுகூடத்தில், இரண்டு எங்கள் வீட்டுப் பிரிஜ்ஜில் மூடிய டப்பாவுக்குள். வெயிலைத் தாங்கியது அதன் இயல்பா, அல்லது அந்த மூலையில் கொஞ்சம் குளிர்ச்சி கூடவா என்பது அடுத்த மார்ச்சில் இருபது பைகள் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். உம்மா இப்போதே பைகளுக்குக் கணக்குப் போடுகிறார். டப்பாவின் மேல் தம்பிக்காகப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "இது கடற்பாசி அல்ல. திறக்காதே."